சுவரில் ஒரு பெயர், கவுண்டரில் வேறு ஆள்

பல மெடிக்கல் ஷாப்களில் சுவரில் தொங்கும் பார்மசிஸ்ட் சான்றிதழ் ஒருவருடையது, மருந்து எடுத்துத் தருவது வேறொருவர். சான்றிதழை வாடகைக்கு விடுவது ஊரறிந்த சங்கதிதான். இது எங்கேர்ந்து ஆரம்பிச்சது என்று தேடினேன்.

ஒரு காலத்தில் எல்லாம் கம்பவுண்டர்தான். டாக்டர் எழுதியதைக் கலக்கி பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தை வெட்டி ஒட்டித் தருவார். 1930-ல் அமைந்த சோப்ரா குழு இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தச் சொன்னது. பார்மசி சட்டம் வந்தது 1948-ல். படித்தவர்கள் குறைவு. அதனால் மருந்து கலக்குவதில் ஐந்து வருட அனுபவம் இருந்தாலும் முதல் பதிவேட்டில் இடம் கிடைத்தது. அது நியாயம்தான்.

சிக்கல் 42-வது பிரிவில். பதிவு இல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்கிறது அது. ஆனா எப்போ அமல்? மாநில அரசு நாள் குறிக்கும்போது! 1976-ல் திருத்தம் போட்டு, நாள் குறிக்காத மாநிலங்களில் குறிப்பிட்ட காலம் கழித்துத் தானாக அமலாகும் என்றார்கள்; அந்தக் காலம் கடைசியில் எட்டு வருடம் என்று ஆனது. அதாவது 1984. சட்டம் வந்து 36 வருடம் கழித்து!

அதற்குள் கடைப் பையன் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டான். படித்தவர் லைசென்ஸுக்கு மட்டும் போதும் என்ற பழக்கம் இப்படித்தான் ஊறியது என்று நினைக்கிறேன்.

மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 1948-லேயே எழுதியிருந்தார்கள். யாருக்கு? மருந்தை எடுத்துக் கொடுத்தவருக்கு. பெரும்பாலும் கடையிலேயே சம்பளம் குறைந்த ஆள் அவர்தான்.