புதுக்குடியிருப்பிலிருந்து ரொறன்ரோ: எத்தனை மணித்தியாலம்?

கனடா விசா கைக்கு வந்ததும் இங்குள்ள அம்மாமார் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் பிளேனில இருக்கவேணும்?" என்பதுதான். பயண முகவர் சொல்லும் பதில் பெரும்பாலும் கட்டுநாயக்கவிலிருந்துதான் தொடங்கும். ஆனால் எங்கள் பயணம் தொடங்குவது புதுக்குடியிருப்புச் சந்தியில்.

கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது ரஷ்யாவைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலால் போய் இறங்கும். அந்த வழியில் நேரடி விமானம் கிடையாது. டுபாயில் மாறிப் போனால் கட்டுநாயக்க–டுபாய் சுமார் 3,290, டுபாய்–ரொறன்ரோ சுமார் 11,080. மொத்தம் 14,370. சுற்றிப் போவதுபோலத் தெரிந்தாலும் கூடுவது 400 கிலோமீற்றருக்கும் குறைவு. இலண்டனுக்கு என்றால் சுமார் 8,700 கிலோமீற்றர்தான். கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம்.

ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். கோடைகாலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வானில் ஏறுகிறீர்கள். வழியில் சாப்பாட்டுக்கு நிற்பதோடு கட்டுநாயக்க போக 8 மணித்தியாலம். விமானத்துக்கு 3 மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். டுபாய்க்கு நாலரை, அங்கே காத்திருப்பு மூன்றரை, பிறகு ரொறன்ரோவுக்கு பதினாலேகால். ஆக 33 மணித்தியாலம் 15 நிமிடம். இறங்கும்போது அங்கே செவ்வாய் காலை 9.45, ஊரில் இரவு 7.15. டுபாய்க்குப் பறக்கும் நேரத்தைவிட கட்டுநாயக்கவுக்கு ஓடும் நேரம்தான் கூட! கோடையில் நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை.

திரும்பி வரும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். ரொறன்ரோ–டுபாய்ப் பறப்பில் மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். ஊரில் செத்தவீடு என்றால் இந்தக் கணக்குத்தான் முக்கியம். செய்தி கேட்ட உடனேயே ரிக்கற் கிடைத்தாலும், அங்குள்ள மகன் வாசலுக்கு வந்துசேர ஒன்றரை நாள் வரை பிடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு நேரம் குறித்தால், பிள்ளை வரும் முன்பே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை மிஞ்சாது.

கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் குடியுரிமை பெறாதவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்நாடு கொடுக்கும் அகதிப் பயண ஆவணத்தில், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த நாட்டுக்குப் போகமுடியாது. அதனால்தான் பல குடும்பங்கள் பெற்றோரைச் சென்னைக்கு வரச்சொல்லிச் சந்திக்கின்றன.

அதற்குப் பலாலி கிட்ட. புதுக்குடியிருப்பிலிருந்து நேர்க்கோட்டில் 90 கிலோமீற்றர்கூட இல்லை. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. சுமார் 355 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் ரிக்கற் போடும்போதே சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை.