ரிவால்வர் பெருசா இருந்தா போதுமா? காலிபர் தேர்வு முதல் ஹேண்ட்லோடிங் வரை... ஒரு முழு கைடு!

பப்ஜியில் ஆர்45 ரிவால்வரைக் கையில் எடுத்திருக்கீங்களா? ஆறே ஆறு குண்டுதான். ரீலோடு பண்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். ஆனாலும் அதை வெச்சு ஒருத்தரை வீழ்த்திட்டா, அந்த கெத்தே தனி!

கேமில் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நிஜ ரிவால்வர் சுடும்போது நம்ம கையையும் சேர்த்து உதைக்கும். தோட்டா பெருசாக ஆக, உதையும் பெருசாகும். அமெரிக்காவில் ரிவால்வரோடு மான், காட்டுப்பன்றி, கரடி வேட்டைக்குப் போறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க முதலில் குழம்புவது இந்தக் கேள்வியில்தான்: `எந்த காலிபர் வாங்குறது?'

பலரும் `இருக்குறதுலயே பெருசு' என்றுதான் ஆரம்பிக்கிறாங்க. அது ஏன் பெரும்பாலும் தப்பான பதில் என்பதைப் பார்ப்போம்.

எல்லாம் ஆரம்பிச்சது ஒரு வெடிப்புல!

இந்தக் கதையின் நாயகன் எல்மர் கீத். 1899-ல் பிறந்தவர். இடாஹோ மாநிலத்தில் மாடு மேய்த்து, பண்ணை நடத்தி, வேட்டைக்காரராகவும் துப்பாக்கி எழுத்தாளராகவும் பெயர் எடுத்தவர். அவர் காலத்தில் பெரிய ரிவால்வர் தோட்டா என்றால் .45 கோல்ட். 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. கீத்துக்கு அந்த வேகம் போதவில்லை. தோட்டாவைத் தானே நிரப்ப ஆரம்பித்தார். கனமான புல்லட், கூடுதல் பவுடர். 1920-களில் ஒருநாள் பழைய கோல்ட் ரிவால்வர் அவர் கையிலேயே வெடித்துச் சிதறியது.

அதில் அவர் கற்றுக்கொண்டது இதுதான். .45 தோட்டா தடிமனானது. அதனால் சிலிண்டரில் துளைக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் இரும்புச் சுவர் மெல்லிசு. கொஞ்சம் சின்ன தோட்டாவான .44 ஸ்பெஷல் போட்டால் சுவர் தடிமனாகும், அழுத்தம் தாங்கும். அதன் பிறகு கீத் .44-க்கு மாறினார். கம்பெனிகளை விடாமல் நச்சரித்தார். 1955-ல் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரும் ரெமிங்டன் தோட்டாவுமாகப் பிறந்தது .44 மேக்னம். 1971-ல் `டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்தது அதுதான். படம் ஹிட், துப்பாக்கியும் ஹிட்!

எந்தத் தோட்டா எப்படி?

ஒப்பிட ஒரு அளவுகோல் வேணும் இல்லையா? போலீஸ் வைத்திருக்கும் 9 எம்.எம் பிஸ்டல் தோட்டாவின் சக்தி சுமார் 500 ஜூல். இதை மனசுல வெச்சுக்கோங்க.

* .45 கோல்ட்: சாதாரண லோடு 9 எம்.எம்மைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால், உறுதியான நவீன ரிவால்வரில், அதற்கென நிரப்பிய தோட்டாவோடு இது வேற லெவல்.

* .44 மேக்னம்: சுமார் 1,300 ஜூல். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் தாராளம். .44 ஸ்பெஷல் தோட்டாவையும் இதே ரிவால்வரில் சுடலாம் என்பது பெரிய பிளஸ்.

* .480 ரூகர்: 2001-ல் வந்தது. சுமார் 1,800 ஜூல். புல்லட் தடிமனும் கனமும் அதிகம், வேகம் மிதம். உதை `பளார்' என்று இல்லாமல் `தள்ளு' மாதிரி இருக்கும் என்பார்கள்.

* .454 காஸுல்: சுமார் 2,300 ஜூல். டிக் காஸுல் 1950-களில் உருவாக்கியது. 1983-ல் வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி இதற்கான ஐந்து குண்டு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் .45 கோல்ட்டையும் போட்டுச் சுடலாம்.

* .500 ஸ்மித் அண்ட் வெஸன்: 2003-ல் வந்த ராட்சசன். 3,500 ஜூலைத் தொடும். நீள பேரல் மாடல் சுமார் 2 கிலோ எடை. ஒரு தோட்டாவுக்கே இரண்டு, மூன்று டாலர் செலவாகும்.

.454 தோட்டாவின் கூடு, .45 கோல்ட்டைவிட சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம். ஏன் தெரியுமா? தெரியாத்தனமாக யாரும் அதைப் பழைய .45 ரிவால்வரில் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். .44 மேக்னமும் இதே காரணத்துக்காகத்தான் .44 ஸ்பெஷலைவிட நீளமாக இருக்கிறது. கீத்துக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது இல்லையா?

`தட்டு டெஸ்ட்' பண்ணிட்டீங்களா?

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். ஒரு டிபன் தட்டு சைஸ். அங்கே பட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். தள்ளிப்போய் வயிற்றிலோ காலிலோ பட்டால், அது ஓடிவிடும். எங்கோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில், சில நேரம் நாள் கணக்கில் துடிச்சு சாகும். நீங்க சுட்டது .500 என்பதால் அந்த வலி குறையப்போவதில்லை.

அதனால்தான் அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு சிம்பிள். 20 சென்டிமீட்டர் பேப்பர் தட்டை மாட்டுங்க. எந்த தூரத்தில் இருந்து சுட்டால் எல்லா குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்க வேட்டை தூரம். 40 அடி என்றால் 40 அடிதான். `என் துப்பாக்கி 200 அடி போகும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரிய தோட்டா பலரையும் தோற்கடிப்பது இங்கேதான். பலமான உதைக்குப் பழகாத கை, ட்ரிகரை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னாலேயே பயத்தில் வெட்டி இழுக்கும். இதை `ஃபிளின்ச்' என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நண்பர் ஒருவர் சிலிண்டரில் உண்மைத் தோட்டாவையும் டம்மி தோட்டாவையும் கலந்து போட்டுக் கொடுக்கட்டும். டம்மி வரும்போது சத்தம் வராது, ஆனால் துப்பாக்கி முனை மட்டும் சடாரென்று கீழே போகும். அப்போ தெரிஞ்சிடும், தப்பு துப்பாக்கியிலா, கையிலா என்று.

ஹேண்ட்லோடிங் எதுக்கு?

ஹேண்ட்லோடிங் என்றால் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது. சுட்ட பிறகு கையில் மிஞ்சும் பித்தளைக் கூடுதான் தோட்டாவிலேயே விலை அதிகமான பாகம். அதை பிரஸ்ஸில் வைத்து பழைய சைஸுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, பவுடரை எடை போட்டு ஊற்றி, மேலே புல்லட்டை வைத்து, கூட்டின் வாயை உள்பக்கமாக இறுக்கினால் தோட்டா ரெடி. ஒரே கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம்.

பலரும் `பவரைக் கூட்டத்தான் ஹேண்ட்லோடிங்' என்று நினைக்கிறாங்க. உண்மையில் இதன் பெரிய லாபம் குறைப்பதில் இருக்கு. .454 ரிவால்வர் வைத்திருப்பவர், மிதமான .45 கோல்ட் தோட்டாக்களை நிரப்பி வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கலாம். சீசன் வரும்போது மட்டும் முழு லோடு. கையும் பழகும், காசும் மிஞ்சும்.

ஆனா, இதையெல்லாம் மறந்துடாதீங்க!

* கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 32 பி.எஸ்.ஐ. .45 கோல்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 14,000. .44 மேக்னத்துக்கு 36,000. .454 காஸுலுக்கு 65,000! முகத்துக்கு நேரே வைத்துச் சுடும் கருவி இது. இங்கே `குத்துமதிப்பு' என்ற வார்த்தையே கிடையாது.

* பவுடர் அளவை லைமன், ஹார்னடி மாதிரியான நிறுவனங்களின் அச்சிட்ட கையேட்டில் இருந்து மட்டுமே எடுக்கணும். .45 கோல்ட்டுக்கு இந்தக் கையேடுகளில் தனிப் பிரிவே இருக்கும். ரூகர் மாதிரி உறுதியான ரிவால்வருக்கான லோடு அது. அதைப் பழைய கோல்ட்டில் போட்டால், கீத் கதை ரிப்பீட்!

* ஒரே கூட்டில் தவறி இரண்டு முறை பவுடர் ஊற்றுவதுதான் பிரபலமான விபத்து. புல்லட் வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் லைட் அடிச்சுப் பாருங்க. போன் பேசிக்கிட்டே செய்யற வேலை இல்லை இது.

* `கம்மியா போட்டா சேஃப்' என்பதும் எப்போதும் சரியில்லை. எச்110 மாதிரி மெதுவாக எரியும் பவுடரை, கையேட்டில் சொன்னதைவிட ரொம்பக் குறைக்கக் கூடாது. சரியாகப் பற்றாமல் புல்லட் பேரலுக்குள்ளேயே சிக்கிவிடலாம். மிதமான லோடுக்கு வேற பவுடர் இருக்கு.

* கூட்டின் வாயைச் சரியாக இறுக்காவிட்டால், உதையின் வேகத்தில் சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் புல்லட் முன்னால் நகர்ந்து வரும். சிலிண்டர் சுத்தாது. எதிரே கரடி நிற்கும்போது அது நடந்தால் யோசிச்சுப் பாருங்க.

* சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே சூடான வாயு பீறிடும். .500 மாதிரி ரிவால்வரில் அது விரலையே கிழித்துவிடும். விரல் எப்போதும் சிலிண்டருக்குப் பின்னால்தான்.

* 140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கும். இந்த ரிவால்வர்கள் எல்லாமே அதைத் தாண்டும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் ட்ரிகரைத் தொடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்கணும். வேட்டைக்கு மாநில லைசென்ஸ் வேணும். எந்தக் காலிபர், எவ்வளவு பேரல் நீளம் என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈய புல்லட்டே கூடாது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்ததுதான் காரணம். அங்கே செம்பு புல்லட்தான். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பலாம். விற்கணும் என்றால் தனி லைசென்ஸ்.

இந்தியாவில்? 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும், தோட்டா தயாரிப்பதும் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். யூடியூப் பார்த்துட்டு `டிரை பண்ணலாமே' என்று தோணினால், அந்த ஆசையை ஆர்45 கையில் இருக்கும்போதே தீர்த்துக்கோங்க.

ஃபைனலா எது?

மானுக்கும் பன்றிக்கும், முதல் பெரிய ரிவால்வராக .44 மேக்னம். ஏற்கெனவே ஹேண்ட்லோடிங் தெரிந்தவருக்கு, உறுதியான ரிவால்வரில் .45 கோல்ட். பெரிய கரடி நடமாடும் காட்டுக்கு .454 அல்லது .480, அதுவும் .44-ல் தட்டு டெஸ்ட் பாஸ் பண்ணிய பிறகு. .500? ஷூட்டிங் ரேஞ்சில் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்க. ஆறாவது சுட ஆசை வந்தால் அப்புறம் பேசலாம்.

முடிவெடுக்கும் முன்னாடி ஒரே ஒரு கேள்வி போதும். `இதோட கடைசிக் குண்டையும் முதல் குண்டு மாதிரியே தட்டுக்குள்ள வெக்க முடியுமா?' முடியும் என்றால் அதுதான் உங்க காலிபர். முடியாது என்றால், அதற்கான விலையைக் கொடுக்கப்போவது நீங்க இல்லை. புதருக்குள் துடிக்கும் அந்த மான்.