வெள்ளித்திரையில் வெறியாட்டம்

படம் அழகாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு விமரிசகரின் கடமை தீர்ந்தது என்போர் இன்றும் உளர். அவர்களை 1915-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு அழைக்கிறோம்.

அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிவந்தது, கிரிஃபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு'. மூன்று மணி நேர மௌனப்படம். மூலக்கதை, தாமஸ் டிக்சன் 1905-இல் எழுதிய நாவல். டிக்சன் பாதிரியாராகவும் இருந்தவர். அன்பைப் போதிக்க வேண்டிய வாய்! போர்க்களக் காட்சிகள் கண்ணைப் பறித்தன. நியூயார்க்கில் 2 டாலர் கொடுத்துப் பார்த்தனர். குடியரசுத் தலைவர் வில்சனோ வெள்ளை மாளிகைக்கே படத்தை வரவழைத்துக் கண்டார். ஏடுகள் பல ஏற்றிப் போற்றின.

கதை என்ன? அடிமைத்தளை அறுந்து வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்கள் காமுகராகவும் கயவராகவும் மாறினராம். வெள்ளை அங்கி பூண்ட கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் வந்து நாட்டைக் காத்ததாம்! கொலைகாரனுக்குக் காவலன் பட்டம்! அந்தக் 'கயவர்' வேடங்களைத் தாங்கியோர் யார்? முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்களன்றோ!

மார்ச்சு மாதம் 'நியூ ரிபப்ளிக்' ஏட்டில் ஃபிரான்சிஸ் ஹாக்கெட் எழுதினார். அயர்லாந்தில் பிறந்தவர், ஆதிக்கம் இன்னதென்று அறிந்த மண். படத்தின் பிரம்மாண்டத்தை அவர் மறுக்கவில்லை. வரலாறு வாழ்வோடு ஒட்டாத ஒன்றாயின் கைதட்டிவிட்டு எழுந்திருக்கலாம். ஒட்டியிருக்கிறதே என்பதுதான் அவர் வாதம். ஓர் இனத்தையே இழித்துரைத்த டிக்சனை அவர் விட்டுவைக்கவில்லை. திறமையைக் கண்டு மயங்காமல் நஞ்சை நஞ்சென்றே சொன்ன அந்தப் பேனாவை நாம் மதிக்கிறோம்.

கறுப்பின மக்களும் வாளாவிருக்கவில்லை. பாஸ்டனில் பத்திரிகையாளர் மன்றோ டிராட்டர் எதிர்ப்பைத் திரட்டினார், கைதானார். ஆயினும் படம் ஓடியது.

நவம்பரில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்டோன் மலைமீது, மடிந்துபோயிருந்த கிளானுக்கு மறுபிறவி அளித்தனர். டிசம்பரில் அட்லாண்டாவில் படம் வந்தபோது, நாளேட்டில் அதன் விளம்பரத்துக்கு அருகிலேயே கிளானின் விளம்பரமும்! கலை வேறு, வாழ்வு வேறு என்று பேசும் பெரியோர் அந்த ஏட்டைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

படத்துக்குப் படத்தாலேயே பதிலிறுத்தவர் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பினக் கலைஞர். அவருடைய 'நம் வாயில்களுக்குள்' 1920-இல் வந்தது. கறுப்பரைக் கும்பல் கூடித் தூக்கிலிடும் கொடுமையைத் திரையிலே காட்டினார். உடனே தணிக்கையாளருக்கு அச்சம் பிறந்தது. கத்தரிக்கோல் கூர்மை பெற்றது! பின்னர் பல்லாண்டுகள் அப்படமே காணாமற்போய், ஸ்பெயினில் ஒரு பிரதி அகப்பட்டது. போற்றிக் காக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு அதனைச் சேர்த்தது 1992-இல். கிரிஃபித்தின் படத்தைச் சேர்த்ததும் அதே ஆண்டில்தான்.