பேட்டரியில் தொடங்கிப் பேட்டரிக்கே திரும்பிய பொம்மை ரயில்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என் அண்ணனின் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "தாத்தா, வயரே இல்லாம இது எப்படி ஓடுது?" என்று கேட்டான். "பின்னாடி வர்ற பெட்டியில பேட்டரி இருக்குடா" என்றேன். பையனுக்கு அது போதும், ஓடிவிட்டான். இரவு படுத்த பிறகு எனக்குத்தான் போதவில்லை. அந்தப் பேட்டரி அந்தப் பெட்டிக்குள் வந்து சேர ஏறத்தாழ 180 வருஷம் ஆகியிருக்கிறது. அதில் எங்கள் குடும்பக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிறுவயதில் அப்பாவோடு ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வீட்டுக்குப் போனபோது, தாழ்வாரத்தில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். நான்கு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுமாம். அந்த நான்கு சுற்றைப் பற்றி அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அண்ணனுக்கு வயது 21. கையெழுத்துப் போட்டுவிட்டு பிரான்சுக்குப் போனார். அப்பா போடவில்லை. நான் சிறுவன், அப்பாவோடு இந்தியனாக நின்றேன். பிரெஞ்சில் படித்தவன், பிறகு இங்கேயே அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கு இரண்டு நாட்டு பாஸ்போர்ட். இது புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிய கதை இல்லை.

இனி ரயில் கதைக்கு வருகிறேன்.

மின்சாரத்தால் ஓடிய முதல் வண்டிகளே பொம்மை அளவில்தான் இருந்தன. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் தாமஸ் டாவன்போர்ட் என்ற கொல்லர் 1835 வாக்கில் வட்டமான சிறு தடத்தில் ஒரு மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். அதற்கு மின்சாரம் கொடுத்தது பேட்டரி. 1842இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் டேவிட்சன் என்பவர் பேட்டரியால் ஓடும் பெரிய எஞ்சினையே செய்து எடின்பரோ - கிளாஸ்கோ பாதையில் ஓட்டினார். மணிக்குச் சுமார் 4 மைல் வேகம், நம்முடைய நடை வேகம்தான். துத்தநாகம் அமிலத்தில் கரைந்து தீர்ந்துகொண்டே இருக்கும். நிலக்கரி அதைவிட எவ்வளவோ மலிவு. ஆகவே அந்த முயற்சி அங்கேயே நின்றது.

பள்ளியில் எங்களுக்கு பௌதிகம் பிரெஞ்சில்தான். "பீல்" என்றால் தீர்ந்ததும் தூக்கி எறிவது, "அக்யுமுலாத்தர்" என்றால் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடியது என்று ஆசிரியர் மனப்பாடம் செய்ய வைத்தார். 1859இல் சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரியைச் செய்த காஸ்தோன் பிளாந்தேயும், 1866இல் நவச்சாரக் கரைசலில் துத்தநாகத்தையும் கரியையும் வைத்துப் புதிய மின்கலம் செய்த ஜார்ஜ் லெக்லாஞ்சேயும் பிரெஞ்சுக்காரர்கள் என்பதில் ஆசிரியருக்குப் பெருமை. நாம் பயன்படுத்திய டார்ச் லைட் கட்டை அந்த லெக்லாஞ்சே கலத்தின் பேரன்தான். பிளாந்தேயின் அதே 1859ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் மார்க்லின் என்ற தகர வேலைக்காரர் பொம்மைத் தொழில் தொடங்கினார். அவருடைய வாரிசுகள் 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி ரயிலையும், அளவு நிர்ணயித்த தண்டவாளங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இன்று ஒரு பெட்டி, அடுத்த வருஷம் இரண்டு தண்டவாளம் என்று சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம் வந்தது.

1890களின் இறுதியில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தின் கார்லைல் அண்ட் ஃபின்ச் கம்பெனி மின்சாரப் பொம்மை ரயில்களை விற்றது. 1901இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கவன், கடைக் கண்ணாடிக்குள் வேடிக்கை காட்ட ஒரு மின்சார வண்டியைச் செய்தார். கடையில் இருந்த சரக்கைவிட அந்த வண்டியையே ஜனங்கள் விலை கேட்டார்கள். லயனல் கம்பெனி அப்படி வளர்ந்ததுதான். அப்போது பெரும்பாலான வீடுகளில் மின் இணைப்பே கிடையாது. எனவே இந்த ரயில்களுக்கும் பேட்டரிதான் ஊட்டம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்த பேட்டரியிலிருந்து மின்சாரம் தண்டவாளம் வழியாக எஞ்சினுக்குப் போகும்.

தண்டவாளமே மின்கம்பி என்ற இந்த யோசனையைப் பெரிய அளவில் காட்டியவர் வெர்னர் சீமென்ஸ். 1879இல் பெர்லின் கண்காட்சியில் 300 மீட்டர் வட்டத்தில் அவருடைய மின்ரயில் ஆட்களை ஏற்றிச் சுற்றியது. நடுவில் தனியாக ஒரு தண்டவாளம், அதில் டைனமோவின் மின்சாரம். அதே 1879இல்தான் நம் புதுச்சேரிக்கும் விழுப்புரத்திலிருந்து நீராவி ரயில் வந்து சேர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்கு மின்சாரம் வந்ததும் பேட்டரியை எல்லாரும் மறந்தார்கள். 1920களில் சில கம்பெனிகள் வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு வழியாகக் குறைத்து நேராகத் தண்டவாளத்துக்கு விட்டன. இங்கிலாந்தில் ஹார்ன்பியின் 1925ஆம் வருஷ ரயில் அப்படிப்பட்டது. பிள்ளைகள் விளையாடும் தண்டவாளத்தில் ஷாக் அடித்தால் என்ன ஆவது? சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். டிரான்ஸ்பார்மர் வைத்து 20 வோல்ட் அளவுக்கு இறக்கினார்கள். அறைக்குள் ஓடும் ரயிலுக்கு இன்றுவரை அந்த ஏற்பாடே போதுமானது.

சிக்கல் வந்தது ரயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோதுதான். ஜெர்மனியில் லேமான் கம்பெனி 1968இல் நூரன்பெர்க் பொம்மைச் சந்தையில் எல்.ஜி.பி. என்ற பெரிய ரயிலை வெளியிட்டது. மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கலாம். தண்டவாளம் பித்தளை, இடைவெளி 45 மி.மீ. எஞ்சின் 22.5இல் ஒரு பங்கு அளவு. குமாஸ்தா புத்தி, பெருக்கிப் பார்த்தேன்: 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1012.5 மி.மீ. ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே அது மீட்டர் கேஜ் ரயில், நாம் விழுப்புரத்துக்குப் போய்வந்த அதே கேஜ்! அண்ணன் ஓய்வு பெற்றதும் அந்த ரயிலை வாங்கியதற்குக் காரணம் கேட்டபோது இதைத்தான் சொன்னார்.

பாரிஸ் புறநகரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் 38 மீட்டர் தடம் போட்டிருந்தார். ரோஜாச் செடிகளுக்கு நடுவே, அண்ணியின் தக்காளிப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் பித்தளை காற்றுப்பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். மரத்துப் பிசின், இலை, நத்தை ஊர்ந்த வழவழப்பு, இணைப்புகளில் புகும் மண் எல்லாம் சேர்ந்து எஞ்சினை நிறுத்திவிடும். தூரம் போகப் போக வோல்ட் குறைவது வேறு. தடம் வளைந்து தன்னிடமே திரும்பி வந்தால் இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். அண்ணன் தினமும் காலையில் மண்டி போட்டு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். ஒரு மணி நேரம் தேய்த்தால் அரை மணி நேரம் ஓடும்.

2015 கோடையில் நான் போனபோது அண்ணனுக்கு முழங்காலில் அறுவை செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மண்டி போடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. தடத்தில் புல் முளைத்துக் கிடந்தது. "சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க, கழட்டி வித்துடலாம்" என்றான் அவர் மகன். அவன் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, அப்பா விழுந்துவிடுவாரே என்ற பயம். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ரயில்வே எலக்ட்ரீசியன் ஒருவர் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். மின்சாரத்தைத் தண்டவாளத்தில் விடாதே, ரயிலிலேயே ஏற்று. அப்புறம் தண்டவாளம் கறுத்தால் என்ன, பச்சையானால் என்ன?

இதற்கு அண்ணன் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது. "கம்பெனிக்காரன் போட்ட வயரை வெட்டறதா? அப்புறம் அது ஒரிஜினல் இல்லடா தம்பி" என்றார். எலக்ட்ரீசியன் சிரித்துக்கொண்டே ஒரு இருவழி சுவிட்சை எடுத்துக் காட்டினார். மோட்டாரின் வயர் நடுவில், சக்கரத்திலிருந்து வரும் வயர் ஒரு பக்கம், பேட்டரியிலிருந்து வருவது மறுபக்கம். எப்போது வேண்டுமானாலும் பழையபடி தண்டவாள மின்சாரத்துக்குத் திருப்பலாம். அதன் பிறகுதான் அண்ணன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார்.

எஞ்சின் ஸ்டைன்ஸ் என்ற சிறிய நான்கு சக்கர எஞ்சின். உள்ளே இடமில்லை. அதனால் பேட்டரியைப் பின்னால் வரும் மூடிய சரக்குப் பெட்டியில் வைத்தோம், நடுவில் பிளக் வைத்த இரண்டு வயர். லித்தியம் அயான் செல் ஒன்று 3.7 வோல்ட். நான்கை வரிசையாகச் சேர்த்தால் 14.8 வோல்ட். தானே செல் வாங்கி ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன் என்றார் அண்ணன். எலக்ட்ரீசியன் கண்டிப்பாகக் கூடாது என்றார். சூட்டில் செல் கெட்டுவிடும், தீயும் பிடிக்கலாம். பட்டை வெல்டிங் செய்து, பாதுகாப்பு சர்க்யூட்டும் சேர்ந்த தயார் பேட்டரியையே வாங்கினோம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். பிறகு ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், ரேடியோ அலையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு கருவி, கையில் பிடிக்க ரிமோட். கணக்கு எளிது. பேட்டரி 2.6 ஆம்பியர்-மணி, எஞ்சின் எடுப்பது முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல். மூன்று மணி நேரம் ஓடும்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ரயில் பின்னால் ஓடி தக்காளிப் பாத்தியில் விழுந்தது. மோட்டார் வயரை நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அண்ணி, "நாப்பது வருஷம் இவன் பைல்களை எப்படிப் பார்த்தானோ!" என்றார். வயரை மாற்றிப் போட்டோம். கறுத்துக் கிடந்த தண்டவாளத்தின் மேல் ரயில் நிற்காமல் போனது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். நான்காவது சுற்று முடிந்து ஐந்தாவது தொடங்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மகனும் அதன் பிறகு விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

2019 ஜனவரியில் அண்ணன் காலமானார். அதே வருஷம் அக்டோபரில், லித்தியம் அயான் பேட்டரிக்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு என்று பேப்பரில் படித்தேன். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லவேண்டும் என்று எழுந்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

ரயிலை அண்ணன் மகன் எனக்கே கொடுத்துவிட்டான். எஞ்சினும் தண்டவாளமும் பெட்டியில் போட்டு வந்தன. லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டிக் கொண்டுவந்தேன். இங்கே கடல் காற்றின் உப்பு. மாடியில் போட்ட ஒரே மாதத்தில் பித்தளை பச்சை பூத்தது. பாரிசில் அன்று பேட்டரி வைக்காமல் இருந்திருந்தால் இந்த ரயில் புதுச்சேரியில் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. எலக்ட்ரீசியன் வைத்த இருவழி சுவிட்ச் இன்னும் இருக்கிறது. அதை நான் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை, கழற்றவும் மனமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மின்சாரப் பொம்மை ஏதாவது கிடந்து, பேரப்பிள்ளைகளோடு பேட்டரிக்கு மாற்ற நினைத்தால், கிழவன் சொல்கிறேன், மூன்று விஷயம்: ஃபியூஸ் இல்லாமல் வேண்டாம். அதற்கென உள்ள சார்ஜரைத் தவிர வேறு எதிலும் சார்ஜ் ஏற்ற வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

அடுத்த முறை விழுப்புரம் ரயிலில் நாங்கள் போய்வந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன். அந்த வண்டியில் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் மறந்ததை நினைவுபடுத்துங்கள்.

வணக்கம்.