நிலை இல்லாத தேர்: கேம் ஃபேர் விழாவின் வரலாறு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஜூலை மாதக் கடைசி என்றால் கேம் ஃபேர். வேட்டை, தூண்டில், நாய்ப் பழக்கம், காட்டிறைச்சிச் சமையல் எல்லாம் மூன்று நாள் ஒரே இடத்தில் கூடும் பெருவிழா இது. ஆனால் விழாவுக்கென்று சொந்தத் திடல் கிடையாது. தேர் உண்டு, நிலை இல்லை. பழைய பிரபுக் குடும்பம் ஒன்றின் மாளிகைத் தோட்டம்தான் ஒவ்வோர் ஆண்டும் திடலாகிறது.

தொடக்கம்

1907-இல் அமைந்த நில உடைமையாளர் சங்கம், 1958-இல் நியூமார்க்கெட் அருகே ஸ்டெச்வொர்த்தில் முதல் விழாவை நடத்தியது. இதன் அருமை புரிய இன்னும் பின்னே போக வேண்டும். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ இல்லாதவர் வேட்டையாடவே கூடாது என்றது 1671-ஆம் ஆண்டுச் சட்டம். தன் பயிரை மேயும் முயலைக்கூடக் குடியானவன் தொட முடியாது. 1831-இல் அந்தச் சொத்துத் தகுதி ஒழிந்து உரிமம் வந்தது. குத்தகை விவசாயிக்கு முயல் மீது உரிமை கிடைத்தது 1880-இல்தான். அப்படிப்பட்ட நாட்டில், சீட்டு வாங்கும் எவரும் பிரபுவின் புல்வெளியில் நடக்கலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது இந்த விழா.

ராக்லியில் ஒரு சுற்று

அண்மை ஆண்டுகளில் விழா அடிக்கடி நடந்த இடம் வாரிக்ஷயரின் ராக்லி ஹால். 1680-இல் ராபர்ட் ஹூக் வடிவமைத்த மாளிகை. அதன் எதிரே துப்பாக்கிக் கடைகள், தூண்டில் வீசும் ஏரிக்கரை, பருந்து பறக்கவிடும் களம் என்று கூடாரங்கள் ஓர் ஊர் அளவுக்கு விரிகின்றன. கவுதாரி வேட்டை செப்டம்பர் 1-இலும் ஃபெசன்ட் பறவை வேட்டை அக்டோபர் 1-இலும்தான் தொடங்கும். ஆகவே இங்கே சுடப்படுவது இயந்திரம் வானில் எறியும் களிமண் தட்டுகளே.

கூட்டம் அதிகம் நிற்பது நாய்க் களத்தில்தான். வெடிச் சத்தம் கேட்கிறது. துணிப் பொதி ஒன்று தொலைவுப் புல்லில் விழுகிறது. சுட்ட பறவையை எடுத்துவரப் பழகிய ரிட்ரீவர் நாய் உடல் துடிக்க உட்கார்ந்திருக்கிறது. கட்டளைக்கு முன் பாய்ந்தால் போட்டி போயிற்று. ஏவியதும் ஓடுகிறது. நடுவழியில் ஒற்றை விசில். சட்டென நின்று எசமானைத் திரும்பிப் பார்க்கிறது. அவர் கை நீட்டிய பக்கம் போய்ப் பொதியைக் கவ்வி வருகிறது. பல் அழுந்தக் கூடாது. மெய்யான வேட்டையில் வாயில் இருப்பது யாரோ ஒருவரின் இரவுச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டைச் சமையல் கூடாரத்தில் பார்க்கலாம். மான் இறைச்சிக்கு அங்கே தனி மதிப்பு. ஓநாய் அற்றுப்போன பிரிட்டன் தீவில் வளர்ந்த மானைக் கொல்லும் காட்டு விலங்கு இல்லை. பெருகிய மான்கள் மரக்கன்றுகளைக் கடித்துக் காடு தழைக்க விடுவதில்லை. அதனால் கணக்காகச் சுட்டுக் குறைக்கிறார்கள். அந்த இறைச்சிதான் அடுப்பேறுகிறது.

சோதனைகள்

சொந்தத் திடல் இல்லாததன் விலையை மழை வசூலித்தது. 2007-இல் ஹேர்வுட் மாளிகையிலும் 2012-இல் பீவர் கோட்டையிலும் நிலம் சேறாகி விழா ரத்தானது. 2015-இல் ஹேர்வுட்டில் நடத்திய கையோடு, நட்டம் தாங்காமல் சங்கமே விலகிக்கொண்டது. அத்துடன் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மறு ஆண்டே புதிய நிர்வாகம் ராக்லியில் விழாவை எழுப்பியது. பெருந்தொற்றால் 2020-இல் மீண்டும் தடை. 2024-இல் சர்ச்சில் பிறந்த பிளெனிம் மாளிகையில் கொட்டகை போட்டது.

இப்போதைய சோதனை வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு. சிதறிய ஈயத்தைத் தின்று நீர்ப்பறவைகள் மடிகின்றன. இறைச்சியிலும் துகள் தங்குகிறது. ஐந்தாண்டில் ஈயத்தைக் கைவிடுவதாக 2020-இல் 9 வேட்டை, நாட்டுப்புற அமைப்புகள் அறிவித்தன. ஆயினும் கடையில் விற்கும் ஃபெசன்ட்டை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஈயத்தையே கண்டார்கள்.

தொடங்கிய சங்கம் போன பின்னும் விழா நிற்பது, வாயிலில் சீட்டு வாங்கி நாயும் பிள்ளைகளுமாக வருகிற சனத்தால். அவர்கள் தட்டுக்கு ஈயமில்லாத இறைச்சி வரச் செய்வதுதான் விழாவின் அடுத்த வேலை.