அம்மையின் உறவுமுறை: ஒரு தடுப்பூசி பிற நோய்களையும் தடுக்குமா?

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே புழங்குகின்றன. தடுப்பூசியின் தொடக்க வரலாறு இவ்விரு மொழிகளின் பழஞ்சொற்களில் பதிந்துள்ளது. பெரியம்மைக்கான தடுப்பூசியைத் தமிழர் 'அம்மை குத்துதல்' என்றனர். அதற்குரிய மருந்துநீரை 'அம்மைப்பால்' என்றனர். மலையாள எழுத்துவழக்கில் அது 'கோவசூரிப் பிரயோகம்'. கோ என்பது பசு. வசூரி என்பது பெரியம்மை. பசுவின் நோயைக் கொண்டு மனிதரின் நோயைத் தடுக்கும் முறை அந்தச் சொல்லிலேயே விளங்குகிறது. 'வாக்சின்' என்பதும் பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்ததே.

ஆகவே, ஒரு வைரசுக்கு எதிரான தடுப்பு மற்றொன்றையும் தடுக்குமா என்பது புதிய வினா அன்று. 1796இல் எட்வர்டு ஜென்னர் நிகழ்த்திய சோதனையே அவ்வினாவுக்கான விடை. 1802இல் பம்பாயில் 3 வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மை குத்துதல் நடந்தது. அங்கிருந்து குழந்தைகளின் கைவழியாகவே மருந்துநீர் ஊர் ஊராகச் சென்றது. ஒருவர் உடலின் நீர் மற்றவர் உடலில் ஏறுவதைச் சாதித் தீட்டாகக் கருதிப் பலர் அஞ்சினர். திருவிதாங்கூரில் 1813இல், ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில், இம்முறை அறிமுகமானது. 1879ஆம் ஆண்டின் அரச விளம்பரம் மாணவர், அரசு ஊழியர் உள்ளிட்டோருக்கு அதைக் கட்டாயமாக்கியது.

இத்தடுப்பு எதுவரை செல்லும் என்பதில் மொழி நம்மை ஏமாற்றக்கூடும். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே பெயரின் கீழ் வைக்கிறது. வைரசுகளின் குடும்பமரம் வேறு. சின்னம்மை வைரசு ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டம்மை வைரசு மற்றொரு குடும்பம். அம்மை குத்தியவருக்குச் சின்னம்மை வந்ததற்குக் காரணம் இதுவே. பெயரில் 'குரங்கு' என்று விலகி நிற்கும் குரங்கம்மையோ பெரியம்மையின் நெருங்கிய உறவு. 1980களில் சயீர் நாட்டில் நடந்த ஆய்வு, பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையையும் ஏறத்தாழ 85 விழுக்காடு தடுத்ததெனக் காட்டியது. இவ்வைரசுகளின் மேற்பரப்புப் புரதங்கள் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றதையும் இனங்காண்கிறது.

1956இல் மாநில எல்லை விளவங்கோட்டையும் நெய்யாற்றின்கரையையும் பிரித்தது. ஆனால் இருபுறத்து முதியோர் கையிலும் உள்ள அம்மைத் தழும்பு ஒன்றே. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதையொட்டி அம்மை குத்துதலும் நின்றது. பின்னர்ப் பிறந்தோருக்கு அத்தழும்பு இல்லை. 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மைத் தொற்று, வெளிநாட்டிலிருந்து கொல்லம் திரும்பிய ஒருவரிடம் கண்டறியப்பட்டது. சிகிச்சை திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஒரு நோயை ஒழித்த வெற்றி, அதன் உறவு நோய்க்கு எதிரான காப்பையும் அடுத்த தலைமுறையிடமிருந்து நீக்கியிருந்தது.

உறவில்லாத நோய்களிலும் தடுப்பூசி உதவுமா என்பது வேறு வினா. தட்டம்மையில் அதற்கு ஒரு தெளிவான வழி உண்டு. அந்நோய், உடல் முன்பு ஈட்டிய எதிர்ப்பாற்றல் நினைவின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. 2019இல் வெளிவந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. தட்டம்மையைத் தடுக்கும் ஊசி அந்த நினைவையும் காக்கிறது. பி.சி.ஜி. பற்றிய நம்பிக்கையின் கதை வேறு. 2020இல் நாடுகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, அது கோவிடைத் தடுக்கும் எனப் பலர் கருதினர். 5 நாடுகளின் சுகாதாரப் பணியாளரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2023இல் வந்தது. கோவிட் அபாயம் அவர்களிடம் குறையவில்லை.

ஜென்னர் நாட்டார் நம்பிக்கையைச் சோதித்தபின்பே தம் முடிவை அறிவித்தார். இன்றைய ஊகங்களுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுவதற்கு அந்நோய்களைத் தடுப்பதே போதுமான காரணம். கூடுதல் பயன் உண்டெனச் சொல்லி, அது பொய்த்தால், பெற்றோர் ஐயுறுவது அந்தக் கூற்றை மட்டுமன்று, ஊசியையும்தான்.