விஸ்டா ஒட்டுவில்லையும் மெதுவான புதிய மடிக்கணினிகளும்

வாங்கிய அன்றே மெதுவாக இயங்கும் மடிக்கணினியைப் பழுதானது என்று பலர் கருதுவர். பழுதே இல்லாமலும் இவ்வாறு நேரலாம் என்பதற்கு விண்டோஸ் விஸ்டாவின் வரலாறு சான்றாகும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விஸ்டா இயக்குதளத்தை 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வெளியிட்டது. முந்தைய ஆண்டிலேயே, விண்டோஸ் எக்ஸ்பியுடன் விற்பனையான கணினிகளில் 'விஸ்டா கேப்பபிள்' என்னும் ஒட்டுவில்லை இடம்பெற்றது. 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் அதற்குப் போதுமானவையாக வைக்கப்பட்டன. ஆனால் 'ஏரோ' எனப்பட்ட புதிய சாளரத் தோற்றத்திற்கு 1 கிகாபைட் நினைவகமும் உரிய வரைகலை வசதியும் தேவைப்பட்டன. அத்தோற்றத்தை இயக்க இயலாத இன்டெல் 915 சில்லுத்தொகுதி கொண்ட கணினிகளுக்கும் ஒட்டுவில்லை கிடைத்தது.

நினைவகம் நிரம்பும்போது இயக்குதளம் தரவுகளில் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றுகிறது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. இதனால் குறைந்த நினைவகம் கொண்ட புதிய கணினியும் தடுமாறியது.

2007-இல் அமெரிக்க நுகர்வோர் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் வெளியான மின்னஞ்சல்களில், 2,100 டாலருக்கு வாங்கிய தமது மடிக்கணினி மின்னஞ்சலுக்கு மட்டுமே பயன்படுகிறது என்று அந்நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே எழுதியிருந்தார். 2008-இல் கூட்டு வழக்காக ஏற்கப்பட்ட இது, 2009-இல் அத்தகுதியை இழந்தது.

குறைந்தபட்சத் தகுதி என்பது இயங்குவதற்கான அளவே. விரைவாக இயங்குவதற்கான உறுதி அன்று. எனவே புதிய மடிக்கணினி மெதுவாக இருந்தால், நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.